ஒரு படி காரம்

ஆம்பூர்
22-8-1932

செண்பகத்துக்கு,

கடிதத்தின் தலையில் ஆசீர்வாதம் எழுதுவார்கள். கல்யாணமான ஐந்தாம் மாதமே பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு ஓட விட்டவன் யாரை ஆசீர்வதிப்பது? அதனால் அதை விட்டுவிட்டேன். நீயும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியமா என்று மட்டும் கேட்கிறேன்.

ஆடிக்கு அழைத்துப் போகிறோம் என்றுதான் உன் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தெருவில் கேட்டவர்களிடம் நானும் அதையே சொன்னேன். ஆடி போய் ஆவணியும் வந்துவிட்டது, நீ வரவில்லை. நேற்று மாமாவின் கடுதாசி வந்தது. நான் தோல் பதனிடும் ஷாப்பு வேலையை விட்டுவிட்டுத் திமிரிக்கு வந்து அவர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இல்லையென்றால் கார்த்திகையில் உன் வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்வாராம், நான் வரவேண்டிய அவசியம் இல்லையாம். புருஷன் வீட்டில் வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதானே முறை? அதையே அங்கே வைத்துவிட்டால், அப்புறம் நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரிதான். எனக்கு அது புரிகிறது. உனக்கும் புரியும்.

வேலையை விட மாட்டேன், செண்பகம். பதினாறு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன் இன்று லியாகத் அலி சாயபு ஷாப்பில் முப்பது பேருக்கு மேஸ்திரி. ஒரு தோலைத் தடவினால், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் ஏர் பிடித்தால் மாடு சிரிக்கும்.

நீ போகிற அன்று எங்கள் ஷாப்பு நசீர் அகமது முன்னால் சொன்னாயே, "உங்க கையால குடுத்தா தண்ணிகூட எறங்கல" என்று, அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால் பொய். வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கோபமாக இல்லை. இறங்கவில்லை என்பது நிஜம்தானே, அடுத்த நிமிஷமே வாந்தி எடுத்தாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த நாற்றம் போக வழி சொல். கடையில் சந்தன சோப்பு வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். பேஜாராகிவிட்டது. "இன்னா மேஸ்திரி, மாடு கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு" என்கிறான் நசீர். உங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அவ்வளவு சுத்தம். அந்த வித்தையைக் கொஞ்சம் எனக்கும் எழுது. கற்றுக்கொள்கிறேன்.

கோதண்டராமன்


திமிரி
3-9-1932

ஆம்பூரில் இருக்கிறவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பா படித்துவிட்டுத்தான் கொடுத்தார். இந்தக் கார்டுக்கும் தம்பிதான் மேல்விலாசம் எழுதித் தபாலில் போடுவான். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில்.

சோப்பை நிறுத்தவும். பூந்திக்கொட்டை வாங்கி, விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு பகல் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும். உடம்புக்கும் துணிக்கும் அதுவே போதும். தலைக்குச் சீயக்காய். நகத்துக்கு எலுமிச்சம்பழத் தோல், பிழிந்துவிட்டு எறிகிறதே போதும், பழம் வீண் செய்ய வேண்டாம்.

தரைக்கு வேப்பிலையும் நொச்சி இலையும் கொதித்த தண்ணீர். பித்தளைக்குப் புளியும் சாம்பலும். விளக்குக் கண்ணாடிக்குச் சலித்த சாம்பல் மட்டும். வீட்டு மூலைகளில் சட்டியில் அடுப்புக்கரி வைத்தால் வாடையை இழுக்கும். வாரம் ஒரு தடவை கரியை வெயிலில் காயவைக்கவும்.

வேட்டிகளுக்கு அண்டாத் தண்ணீரில் ஒருபடிகாரம் போட்டுக் கொதிக்கவைத்து பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசவும். கார்டில் இடம் இல்லை, நெருக்கி எழுதியிருக்கிறேன்.

சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் போனால் கண்ணைத் தேய்க்க வேண்டாம்.

செண்பகம்


ஆம்பூர்
25-9-1932

செண்பகத்துக்கு,

உன் கார்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். கடைசி வரியைத்தான் ஜாஸ்தி பார்க்கிறேன்.

முதல் நாள் பூந்திக்கொட்டையை விதையோடு இடித்தேன். உலக்கை எகிறி என் முட்டியில் விழுந்தது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு ஜஹீருன்னிசா அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "அரே மேஸ்திரி, வெதைய எடுத்துட்டுப் போடணும். அது கல்லு. நீ இடிச்சா ஒலக்கதான் தூளாவும்" என்று சொல்லி, தாமே வந்து காண்பித்துக் கொடுத்தார். நீ எழுதியிருந்ததைத்தான் அவரும் சொன்னார். அவசரத்தில் நான்தான் சரியாகப் படிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. தினம் ஒரு வார்த்தை கேட்பார், "பொண்ணு எப்ப வருது?" என்று. வரும் என்று சொல்லி வைக்கிறேன்.

வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? தரையில் நொச்சி வாசனை. நான்கு மூலையிலும் கரிச் சட்டி. புளி போட்டுத் தேய்த்ததில் என் அம்மா காலத்துக் குடம் பித்தளைதான் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது. கறுப்பு இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நகத்துக்கு எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஷாப்பில் என் கையைப் பார்த்தவர்கள் குமாஸ்தா கை என்கிறார்கள். உனக்கு எப்படி நன்றி சொல்வது? பக்கத்தில் இருந்தால் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்திருப்பாய். தூரத்திலிருந்து ஒரு கார்டில் ஒரு வீட்டையே கழுவிவிட்டாய்.

வேட்டி விஷயம் மட்டும்... அதை விடு. நாற்றம் போய்விட்டது, அது நிச்சயம். மற்றதை நேரில் சொல்கிறேன்.

தீபாவளி வருகிறது. நமக்குத் தலை தீபாவளி. உன் அப்பாவிடமிருந்து அழைப்பு இல்லை. கேட்டு வாங்குகிற சமாசாரமா அது? நீ எப்போது வருகிறாய் என்றும் நான் கேட்கவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் தெரியப்படுத்திக்கொள்கிறேன்.

கோதண்டராமன்


திமிரி
15-10-1932

உங்களுக்கு,

இது கார்டு இல்லை, கவர். அப்பாவுக்குத் தெரியாது. தம்பியும் மேல்விலாசம் எழுதவில்லை. நானே எழுதி நானே தபாலாபீசில் போடுகிறேன். உங்கள் பெயரை என் கையால் எழுதினேன். பெண்டாட்டி எழுதினால் ஆயுசு குறையும் என்பார்கள். சாமியாராகப் போகிறவருக்கு ஆயுசு எதற்கு?

சம்பத் வந்திருந்தான். என் பெரியம்மா மகன், வெல்ல வியாபாரத்துக்கு ஆம்பூர் போனவன். வந்ததும் வராததுமாக, வாசலில் நின்றபடியே எல்லாரும் கேட்கச் சொன்னான். "மாமா காவி கட்டிக்கினு கெணத்தாண்ட நிக்கிறாரு. ஒரு கெழவி வாழப்பழத்த வெச்சி கால்ல வுழுந்து கும்புடுது. நான் பேச்சே குடுக்கல, வந்துட்டேன்." கையிலிருந்த முறம் கீழே விழுந்துவிட்டது. அப்பா சொன்னார், "சாமியார் ஆய்ட்டாரா? சரி, தொல்ல வுட்டுது." எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாதான் என் வாயைப் பொத்தினாள்.

இது நியாயமா? ஒரு வார்த்தை சொன்னதற்கு வீட்டையும் வாசலையும் விட்டுக் காவி கட்டுவார்களா? திருப்பித் திட்டியிருக்கலாமே. ஒரு அறை வைத்திருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருப்பேன். நீங்கள் எனக்குக் கொடுத்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். நசீர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் என்னை இன்னும் தின்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாந்தி ஆவணிக் கடைசியிலேயே நின்றுவிட்டது. இப்போது எந்த வாடையும் ஒன்றும் செய்வதில்லை. நான் வராமல் இருந்தது நாற்றத்துக்காக இல்லை. நசீர் முன்னால் அப்படிச் சொன்ன வாயோடு உங்கள் முன்னால் எப்படி வந்து நிற்பேன் என்றுதான். அப்பா உங்கள் வேலையைக் குறை சொன்னபோதெல்லாம் நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் என் வெட்கம் வெளியே தெரியாது அல்லவா? அது பெரிய தப்பு.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். நன்றி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு! அதைப் படித்த அன்று நான் சோறு தின்னவில்லை.

காவியைக் கழற்றுங்கள். உங்கள் காலில் விழுகிறேன். குழந்தை நேற்று முதல் நன்றாக உதைக்கிறது.

செண்பகம்


ஆம்பூர்
18-10-1932

என் செண்பகத்துக்கு,

கவரைக் கையில் வாங்கியதும், அதில் இருந்த என் பெயரைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோதண்டராமன் என்று ஒரு சுழிகூடக் குறையாமல் அழகாக எழுதியிருக்கிறாய். என் ஆயுசு அதில் பத்து வருஷம் கூடியிருக்கும்.

பிரித்துப் படித்ததும் முதலில் அழுகை வந்தது. பாதியில் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்ததில், ஜஹீருன்னிசா அம்மா பயந்துபோய் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அடி பைத்தியமே, நான் சாமியாராகவில்லை. நீ எழுதினபடி வேட்டி துவைத்தேன், அவ்வளவுதான்!

உன் கார்டை எடுத்துப் பார்த்தே எழுதுகிறேன். "அண்டாத் தண்ணீரில் ஒருபடிகாரம்" என்று ஒரே கோவையாக எழுதியிருக்கிறாய். இன்றைக்குத்தான் ஜஹீருன்னிசா அம்மாவிடம் அதை வாய்விட்டுப் படித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு படி காரம், மேஸ்திரி! துணி வெளுக்க வண்ணான் போடறானே, அந்தக் காரம், ஒரு படி அளந்து போடச் சொல்லுது" என்றார். நான் படித்தது வேறு. ஒரு படிகாரம்! அம்பட்டன் முகத்தில் தேய்க்கிறானே, அந்தக் கட்டி. தோல் ஷாப்பில் கிடப்பவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்? எங்கள் கிடங்கில் மூட்டையாக இருக்கிறது. ஒன்று என்றால் ஒரு கட்டி என்று நினைத்து, நல்ல பெரிய கட்டியாக முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்து, ஐந்து வேட்டியையும் போட்டுக் கொதிக்கவைத்தேன்.

வேட்டியெல்லாம் ஆவாரம்பட்டைத் தண்ணீர் தெறித்து ஊறினவை. அதில் படிகாரத்தைப் போட்டால் என்ன ஆகும்? சாயம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மஞ்சளாக வெளியே வந்தது. சாம்பல் தண்ணீரில் போட்டால் வெளுக்கும் என்று போட்டேன். சிவந்துபோய் அசல் காவியாகிவிட்டது. ஐந்தும்! அன்றிலிருந்து எனக்கு ஷாப்பில் பெயர் சாமியார். முதலாளி கேட்கிறார், "கோதண்டராமா, நீ என் ஷாப்புல வேல செய்றியா, மடத்துலயா?" சம்பத் பார்த்த அந்தக் கிழவி வாணியம்பாடிக்காரி. வேண்டாம் என்று ஓடினேன், துரத்தி வந்து விழுந்தாள். வாழைப்பழம் மட்டும் நன்றாக இருந்தது.

படிகாரம் சாயத்தைப் பிடிக்கவைக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அண்டா முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பத்து வருஷத் தொழில் போடாதே என்றது. உன் கார்டு போடு என்றது. செண்பகம் சொன்னால் அதில் ஏதோ விஷயம் இருக்கும் என்று போட்டுவிட்டேன்.

அந்தச் செம்பைப் பற்றி நானும் ஒன்று சொல்லவேண்டும். அன்று நான் தொட்டியிலிருந்து நேராக வந்தேன். கை கழுவ நேரம் இருந்தது. வேண்டுமென்றேதான் கழுவவில்லை. மேஸ்திரி பெண்டாட்டி என்றால் இதற்குப் பழகித்தான் ஆகவேண்டும் என்று ஒரு திமிர். மசக்கைக்காரிக்கு அதைச் செய்யலாமா? நீ ஒரு வார்த்தைதான் சொன்னாய். கம்மியாகத்தான் சொன்னாய்.

வா. காவி வேட்டியைக் கழற்றுவதாக இல்லை, வேறு வேட்டி கிடையாது. நீ வந்து வெளுத்துக் கொடு.

உன் கோதண்டராமன்


திமிரி
21-10-1932

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு அடுப்படியில் படித்துக் காண்பித்தேன். படிகாரத்துக்கு வந்ததும் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்கவில்லை. சத்தம் கேட்டு அப்பா வந்தார். "இன்னா அது?" என்றார். ஒளிக்காமல் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தார். சிரிக்கவில்லை. செம்பைப் பற்றி எழுதினீர்களே, அந்த இடத்தை இரண்டாம் தடவை படித்தார்.

பிறகு சொன்னார், "தெரிஞ்சே போட்டிருக்கான் பாரு. நீ எழுதினதுக்காவ." அதோடு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் என்னிடம் வந்து, "அந்தப் புள்ளைய தலதீபாவளிக்கு வரச் சொல்லி எழுது. நான் எழுதினா மொறப்பா இருக்கும்" என்றார். நாளை ஆற்காடு போய் உங்களுக்கு ஆறு வேட்டி எடுத்துவரப் போகிறார். ஆறும் வெள்ளை. வளைகாப்பு கார்த்திகையில் ஆம்பூரில்தான், அவரே சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்ததும் நானும் உங்களோடு வந்துவிடுகிறேன். வேலையை விடச் சொல்லி இனிமேல் அவர் பேசமாட்டார். நான் பேசவிடமாட்டேன்.

அப்பா ஒரு மூட்டையும் கட்டிவைத்திருக்கிறார். மரப்படியால் தலைதட்டி அளந்து, ஒரு படி காரம். நீங்கள் எடுத்துவர வேண்டுமாம். இதில் அவருக்குக் கொஞ்சம் குறும்பு உண்டு, தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் நன்றி நன்றி என்று எழுதுகிறீர்கள். நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? தெரிந்தே போட்டீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இனிமேல் நான் தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதி வீடு சாயம் ஏறிவிடும்.

ஜஹீருன்னிசா அம்மாவுக்கு என் நமஸ்காரம். பொண்ணு வருது என்று சொல்லுங்கள்.

செண்பகம்


ஆம்பூர்
6-2-1933

செண்பகத்துக்கு,

மூன்று மாதம் கூடவே இருந்துவிட்டாய், எனக்குக் கடிதம் எழுதுகிற பழக்கமே விட்டுப்போயிற்று. மாமா உன்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போன அன்று, ரயில் கண்ணுக்கு மறைகிறவரை நின்றிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து வேறு ரயில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

குழந்தைக்கு விரிக்கப் பழைய வேட்டி கேட்டிருந்தாய். புதுத் துணி பிஞ்சு உடம்பை அறுக்கும் என்பது நிஜம்தான். காவி வேட்டி ஐந்தையும் நசீரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பூந்திக்கொட்டையில் மூன்று தடவை அலசி, நொச்சி வெந்நீரில் முக்கி, வெயிலில் காயவைத்தது. பூ மாதிரி இருக்கிறது. நீயும் நானும் ஒரு படி காரத்தையும் தீர்த்துப் பார்த்தோம், அந்தச் சாயம் மட்டும் போகவில்லை. போகட்டும், குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது?

ஜஹீருன்னிசா அம்மா வளைகாப்பில் உனக்குப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையல் உடையாமல் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். ஷாப்பில் எல்லாருக்கும் இப்போது பூந்திக்கொட்டைப் பைத்தியம். முப்பது பேரும் என்னிடம்தான் செய்முறை கேட்கிறார்கள். விதையை எடுக்கணும் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

சேதி வந்ததும் அரை நாள் லீவு போட்டு ஓடிவருவேன். சீயக்காய் தேய்த்துக் குளித்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டுதான் வருவேன். தோல்காரன் வாடை உன் அம்மா வீட்டு வாசலைத் தாண்டாது. தைரியமாக இரு.

கோதண்டராமன்


திமிரி
2-3-1933

என்னங்க,

பெண் குழந்தை. நேற்றுக் காலை பத்து மணிக்கு. இரண்டு பேரும் சுகம். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மூக்கு உங்களுடையது. கோபம் என்னுடையது, பிறந்ததும் மருத்துவச்சியைப் பார்த்து அந்தக் கத்துக் கத்தினாள். காவி வேட்டியில்தான் தூங்குகிறாள். மருத்துவச்சி, "இன்னாடி இது, பொறந்ததுமே சாமியாரா?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா பத்தியம் வைக்கிறாள். அப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போகிறார். எல்லாம் நல்லபடி நடந்தது, தெய்வத்துக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். ஆனால் வீடு முழுக்க நொச்சியும் சாம்பிராணியுமாக மணக்கிறது, எனக்கு எதுவோ குறைகிற மாதிரியே இருந்தது. காலையிலிருந்து யோசித்து இப்போதுதான் கண்டுபிடித்தேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன், அப்படியே கேட்கவேண்டும். ஷாப்பிலிருந்து நேராக ரயிலேறி வாருங்கள். சீயக்காய் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், வேட்டியும் மாற்றவேண்டாம். அம்மா கத்துவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். என் பெண்ணுக்கு அவள் அப்பா வாசனை தெரியவேண்டும்.

செண்பகம்